லெவா கேட்ட கதவு

கடந்த ஆகஸ்டிலிருந்து எங்கள் ஸ்லிவோவெட்ஸ் ஊர்க் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை எழுதியிருந்தது. மேலே எங்கள் நாட்டுப் பணமான லெவா, கீழே யூரோ. பக்கத்து வீட்டு வெலிச்கா மேல்வரியை மட்டும்தான் படிப்பாள். புத்தாண்டு அன்று பல்கேரியா யூரோவுக்கு மாறியது. கடைக்காரி சீட்டுகளைத் திருத்தி யூரோவை மேலே ஏற்றினாள். வெலிச்கா கீழ்வரிக்கு மாறிக்கொண்டாள்.

ஜனவரி முழுக்க இரண்டு பணமும் செல்லும், அதற்குப் பிறகு கடைகளில் யூரோ மட்டும் என்பது ஏற்பாடு. ஆனால் லெவா கொடுத்தாலும் மீதி யூரோவில்தான் தருவார்கள். அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். சில்லறையைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போய், கூடாமல் குறையாமல் மேசையில் அடுக்குவாள். மீதி வாங்கினால்தானே யூரோ கையில் படும்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அது ஊருக்கே தெரியும். வெலிச்காவுக்கும் ஸ்தோயிலுக்கும் திருமணம் நடந்தது 1997 ஜனவரியில். அந்தக் குளிர்காலத்தில் வங்கிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. காலையில் எழுதிய விலையைக் கடைக்காரர்கள் மாலையில் அழித்தார்கள். கல்யாணத்துக்கு வந்த மொய்யெல்லாம் சேர்ந்து இரண்டு லட்சம் லெவா தேறியது. அன்றைக்கு அது ஒரு வாஷிங் மெஷினின் விலை. நகரத்துக் கடையில் சரக்கு இல்லை, வரட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். பிப்ரவரி பாதியில் மெஷின் வந்துவிட்டது. அதற்குள் அந்த இரண்டு லட்சம் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கத்தான் போதுமானதாக இருந்தது. வெலிச்கா பூட்ஸை வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு வருடம் கழித்து அரசாங்கம் பணத்திலிருந்து மூன்று சுழியங்களை வெட்டி எறிந்தபோது, ஊரில் அவளுக்கு லட்சாதிபதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. காலைத் தூக்கிக் காட்டுவாள்.

“என் கல்யாணம் முழுசும் இந்த ரெண்டு பூட்ஸுக்குள்ள இருக்கு.”

பழுப்பு நிறப் பூட்ஸ். அடிப்பாகம் பலமுறை மாற்றியது. விசேஷ நாட்களில் மட்டும் போடுவாள்.

லெவா வேண்டும் என்று கேட்டு யாரோ எடுத்துவந்த மனுவில் அவள் போன கோடையில் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை என் வீட்டு மேசையருகே பிளம் சாராயத்தோடு உட்கார்ந்திருந்த ஸ்தோயில் அவளைச் சீண்டினார்.

“உன் வாஷிங் மெஷினைத் தின்னதே லெவாதான். அதுக்கா வக்காலத்து வாங்கற?”

“தின்னுச்சு. இல்லைன்னு சொல்லலையே. அதுக்கப்புறம் இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்துச்சா இல்லையா? குடியை விட்டுத் திருந்தினவனை வெளிய தள்ளிட்டு, யாருன்னே தெரியாத ஒருத்தனை உள்ள விடறீங்க.”

“அவனோட தோளைப் பிடிச்சுக்கிட்டுதான் நம்மாளு இத்தனை வருஷம் தள்ளாடாம நின்னான். அது தெரியுமா உனக்கு?”

அவர் சொன்னது சரிதான். முதலில் ஜெர்மன் மார்க்கோடும், பிறகு யூரோவோடும் ஒரே விகிதத்தில் கட்டிப்போட்ட பணம் எங்களுடையது. வீடும் காரும் எப்போதோ யூரோவில்தான் பேசி வாங்கினோம். வெலிச்கா எழுந்தாள். தன் வீட்டு அடுப்பில் இருந்த பீன்ஸைக் கிளறப் போய்விட்டாள்.

இந்த ஜனவரியில், திருமுழுக்குத் திருநாள் கழிந்த பின் வந்த ஒரு ஞாயிறன்று, அவர்களுடைய ஒரே மகள் ரலிட்சாவுக்குக் கல்யாணம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைச் சும்மா அழைத்துக்கொண்டு போக முடியாது. மாப்பிள்ளையின் சகோதரன் வந்து கதவைத் தட்டி விலை பேச வேண்டும். உள்ளே பெண்ணின் சகோதரன் நின்றுகொண்டு விலையை ஏற்ற வேண்டும். எல்லாம் விளையாட்டுத்தான், பணமும் கடைசியில் பெண்ணிடமே போய்ச் சேரும். ரலிட்சாவுக்கு உடன்பிறந்தவர் இல்லாததால் வெலிச்காவே கதவுக்குப் பின்னால் நின்றாள். பெண்ணின் தோழிகள் இரண்டு பேர் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஊரில் பாதிப் பேர் முற்றத்தில் இருந்தோம். பனி பூட்ஸின் விளிம்புவரை இருந்தது.

கிளாரினெட்காரர் ஓர்லின் வாசித்துக்கொண்டே முன்னால் வந்தார். பின்னால் மாப்பிள்ளை யாசென், மெல்லிய கோட்டில் நடுங்கிக்கொண்டு. அவனோடு அண்ணன் சமுயில். லாரி ஓட்டுபவன், மாதத்தில் பாதி நாள் ஜெர்மனிச் சாலைகளில் இருப்பவன். தம்பி கல்யாணத்துக்கென்றே வங்கியிலிருந்து புத்தம் புது யூரோ நோட்டுகளை எடுத்து, இஸ்திரி போட்டது போல் ஒரு உறையில் வைத்திருந்தான். கதவைத் தட்டினான்.

“யாரது?”

“வழி தவறி வந்துட்டோம் அத்தை. எங்க புறா ஒண்ணு இந்த வீட்டுக்குள்ள பறந்து வந்துச்சு. வாங்கிட்டுப் போலாம்னு.”

“இங்க புறா இல்ல. கோழி இருக்கு. வேணுமா?”

“கோழி எங்க வீட்லயே இருக்கு. விடியறதுக்குள்ள எழுப்பி விட்டுருது.”

“அப்போ ரலிட்சாவை வெச்சு என்ன பண்ணப் போறீங்க? அவ பத்து மணி வரைக்கும் தூங்குவா. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் திருப்பிக் கொண்டு வரக்கூடாது.”

“அம்மா,” என்று உள்ளிருந்து ரலிட்சாவின் குரல் கேட்டது. முற்றம் சிரித்தது.

“நூறு,” என்றான் சமுயில்.

“நூறா? அதுக்கு அவ கூந்தல்ல பாதிகூட வராது.”

“இருநூறு. மீதிக் கூந்தலையும் சேர்த்து.”

“அவ சமைச்ச பனிட்சாவைத் தின்னுருக்கியா நீ?”

“தின்னுருக்கேன் அத்தை. அதனாலதான் இருநூறோட நிக்கறேன்.”

இந்த முறை உள்ளேயும் சிரிப்பு. சமுயில் தோளைக் குலுக்கி, முந்நூறு என்று ஏற்றினான்.

“என்ன முந்நூறு?” என்றாள் வெலிச்கா.

“யூரோதான். வேறென்ன?”

உள்ளே தாழ்ப்பாளை இன்னொரு முறை இறுக்கும் சத்தம் கேட்டது.

“இந்த வீட்ல யூரோ செல்லாது தம்பி.”

அதையும் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டோம். சமுயில் குனிந்து நோட்டுகளைக் கதவுக்கடியில் தள்ளினான். அவை திரும்பி வெளியே வந்தன. இன்னும் ஒன்று சேர்த்துத் தள்ளினான். எல்லாம் திரும்பி வந்தன, கடைசி நோட்டு கொஞ்சம் வேகமாகவே வந்து அவன் ஷூவில் மோதி நின்றது. எங்கள் ஊர்க் கதவுகள் எத்தனையோ பேரம் பார்த்தவை. பணத்தைத் திருப்பித் தந்த கதவை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“இதுல ஒரு மனுஷ முகம்கூட இல்லையே,” என்றாள் வெலிச்கா. “ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் பாலம். யார் வீட்டு ஜன்னல் இது? ஐந்நூறு லெவா குடு. அதுக்கு மேல ஒரு லெவா கூட வேணாம்.”

“அத்தை, நான் குடுத்தது அதைவிட ஜாஸ்தி.”

“ஜாஸ்தி வேணாம்னுதானே சொல்றேன்.”

அப்போதுதான் சிரிப்பு நின்றது. யாசெனின் கைப்பேசி அடித்தது. கோயிலிலிருந்து பாதிரியார். நண்பகலில் அவருக்கு மலைக்கு அப்பால் ஒரு ஊரில் ஞானஸ்நானம் இருந்தது. பனி கொட்டத் தொடங்குமுன் அவர் கணவாயைக் கடக்க வேண்டும். சீக்கிரம் வாருங்கள், இல்லையென்றால் அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றார். யாசென் அதைச் சத்தமாகவே எல்லோருக்கும் சொன்னான், கதவுக்கும் கேட்கட்டும் என்று.

ஸ்தோயில் உள்ளேதான் இருந்தார். அவர் குரல் தாழ்ந்து ஒலித்தது. “வெலிச்கா, போதும். திற.”

“நீ பேசாத. உனக்கு நான் எவ்வளவுக்குக் கிடைச்சேன்னு எனக்குத் தெரியும்.”

பிறகு அவள் கதவுக்குப் பக்கத்தில் வந்து பேசினாள். குரலில் சண்டை இல்லை.

“தம்பி சமுயில், உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நல்ல பையன் நீ. ஆனா இந்த நாட்ல பணம் மாறினப்பல்லாம் கதவுக்கு உள்ள இருக்கறவதான் தோத்திருக்கா. எங்க அம்மா தோத்தா. நான் தோத்தேன். என் பொண்ணை நேத்து வந்த பணத்துக்குக் குடுத்துட்டு, நாளைக்கு அவ என்ன பூட்ஸ் வாங்குவான்னு யோசிச்சுக்கிட்டு உக்கார என்னால முடியாது. எனக்குத் தெரிஞ்ச பணமா கொண்டு வா.”

“எனக்குக் கால் குளிருதும்மா,” என்றாள் ரலிட்சா. வழக்கப்படி அவளுடைய ஒரு ஷூவைக் கழற்றித் தோழிகள் ஒளித்து வைத்திருந்தார்கள். கதவுப் பேரம் முடிந்தால்தான் அது வெளியே வரும்.

“கம்பளியைச் சுத்திக்க,” என்றாள் அம்மா.

சமுயில் திரும்பி எங்களைப் பார்த்தான். “யார்கிட்டயாவது லெவா இருக்கா?”

எல்லோரும் பைகளைத் தடவினோம். புத்தாண்டுக்கு முன்பே ஊரெல்லாம் வரிசையில் நின்று கையிலிருந்ததை வங்கியில் போட்டுவிட்டது. ஏடிஎம் இயந்திரங்கள் இப்போது யூரோவை மட்டுமே துப்புகின்றன. கடைக்காரியிடம் வந்த லெவாவெல்லாம் வெள்ளிக்கிழமையே நகரத்துக்குப் போய்விட்டது. என் கார் டாஷ்போர்டில் லெவாவின் சில்லறையான ஸ்டோடிங்கா நாணயங்கள் சில கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு வந்தபோது சமுயில் கிளாரினெட்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாண வீட்டில் பாட்டு நன்றாக இருந்தால் நோட்டை எச்சில் தொட்டு வாசிப்பவரின் நெற்றியில் ஒட்டுவது எங்கள் மரியாதை. இந்த மாதம், புனிதர்களின் பெயர் கொண்டவர்கள் கொண்டாடும் பெயர்த் திருநாள்கள் வரிசையாக வந்தன. எல்லோரும் கையிலிருந்த கடைசி லெவாவைக் கழித்துவிட ஓர்லினின் நெற்றியைத்தான் தேடினார்கள். யூரோவில் மிகச் சிறிய நோட்டே ஐந்து. அதை ஒட்ட மனசு வராது. நாணயம் ஒட்டாது.

“ஓர்லின் அண்ணே, உங்ககிட்ட இருக்கும்.”

“இருக்கும்,” என்றார் ஓர்லின். கிளாரினெட்டின் வாயைத் துடைத்தார். “என்ன விலைக்கு வேணும்?”

“விலையா? ஒரு யூரோவுக்கு ஒண்ணே தொண்ணூத்தஞ்சு லெவா. அது போக அஞ்சு எட்டு மூணு. டிவியில தினமும் சொல்றானே.”

“அதெல்லாம் டிவியில. நான் கிளாரினெட் வாசிக்கறவன், கால்குலேட்டர் இல்ல. ஒண்ணுக்கு ஒண்ணு.”

“ஒரு லெவாவுக்கு ஒரு யூரோவா? கொள்ளையா இருக்கே அண்ணே.”

“வேணாம்னா விடு தம்பி. அதோ கதவு.”

சமுயில் கதவைப் பார்த்தான். கம்பளி சுற்றிய மணப்பெண்ணின் நிழல் ஜன்னலில் தெரிந்தது. தம்பியின் உதடு நீலம் பாரித்திருந்தது. உறையைத் திறந்தான். ஓர்லின் கோட்டின் உள்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக விரித்து வைத்தார். சிலவற்றில் இன்னும் வியர்வையின் பளபளப்பு இருந்தது.

இருநூறைத் தாண்டியதும் அவரிடம் தீர்ந்துவிட்டது. ஆனால் விகிதம் முற்றத்தில் பரவிவிட்டது. சற்று முன்வரை ஒரு லெவா கூட இல்லாதவர்களுக்கு ஞாபகம் வரத் தொடங்கியது. ஒருத்தர் வீட்டுக்கு ஓடினார். ஒரு மாமி கைப்பையின் கிழிந்த லைனிங்குக்குள் விரலை விட்டுத் துழாவி ஒரு இருபதை வெளியே எடுத்தாள். இன்னொருத்தர் ஊறுகாய் ஜாடி நிறையச் சில்லறையோடு வேலியைத் தாண்டி வந்தார், ஜாடியை அப்படியே எடைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். சமுயில் பனியில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கொடுக்கல் வாங்கலை நடத்தினான். நாலைந்து மாதமாக நான் எங்கள் வட்டாரப் பத்திரிகைக்குப் பணமாற்றம் பற்றி எழுதிவந்தேன். வங்கி அதிகாரிகள், அமைச்சகச் சுற்றறிக்கைகள், விகித அட்டவணைகள் எல்லாம் பார்த்தவன். லெவாவும் யூரோவும் சரிக்குச் சரி நின்றது அந்த முற்றத்தில், அந்த ஞாயிறு முற்பகலில் மட்டும்தான்.

அப்படியும் ஐந்நூறு வரவில்லை. நூறுக்கு மேல் குறைந்தது. சமுயில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டின் பின்பக்கம், பண்டசாலைக் கதவு மெல்லக் கிரீச்சிட்டது. நான் வேலியோரம் நின்றதால் எனக்குக் கேட்டது. கல்யாணக் கோட்டும் வீட்டுச் செருப்புமாக ஸ்தோயில் கொட்டகையைச் சுற்றி வந்தார். தொப்பியில் பனி. மாப்பிள்ளை வீட்டார் பக்கம் பார்க்காமல் நேராக மரப்பெட்டிக்குப் போய், கோட்டுக்குள்ளிருந்து சில நோட்டுகளை எடுத்து வைத்தார்.

“நீங்களுமா மாமா?” என்றான் சமுயில்.

“ஒண்ணுக்கு ஒண்ணுதானே பேச்சு?”

“சம்பந்திகிட்டயுமா?”

“சீக்கிரம் குடுப்பா. செருப்பு நனையுது.”

சமுயில் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். அவர் காதுகள் சிவந்திருந்தன, குளிரினால் மட்டும் என்று சொல்ல முடியாது. சமுயில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு யூரோ நோட்டுகளை எடுத்து அவர் கையில் வைத்தான். ஸ்தோயில் எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

“அத்தை,” என்று சமுயில் கதவைத் தட்டினான். “ஐந்நூறு. சுத்தமான லெவா.”

நோட்டுகள் கதவுக்கடியில் சிறிது சிறிதாகப் போயின. முதலில் ஓர்லினின் நெற்றி நோட்டுகள், பிறகு மாமியின் இருபது, பிறகு நாணயங்கள் கட்டிய கைக்குட்டை. கடைசியில் ஸ்தோயிலின் நோட்டுகள். ஒன்றும் திரும்பி வரவில்லை. யாசென் மூச்சு விட்டான். ஓர்லின் கிளாரினெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

கதவு திறக்கவில்லை.

“தம்பி,” என்றாள் வெலிச்கா உள்ளிருந்து, “இந்தக் கடைசி நோட்டெல்லாம் யார் குடுத்தது?”

“ஊர்க்காரங்கதான் அத்தை.”

“சுப்ரிட்சா வாசனை அடிக்குதே.”

சுப்ரிட்சா இல்லாமல் எங்கள் ஊரில் பீன்ஸ் வேகாது. கோடையில் காயவைத்த அந்த மூலிகையை ஒவ்வொரு வீட்டிலும் பெரிய ஜாடியில் அடைத்துப் பண்டசாலையில் வைப்பார்கள். தன்னிடமிருந்த லெவாவையெல்லாம் டிசம்பரிலேயே தபால் நிலையத்தில் கொடுத்து மாற்றிவிட்டதாக வெலிச்கா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அவளுடைய சில்லறைப் பை ஏன் குறையவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முற்றத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாசென் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஸ்தோயில் எங்க?”

“இங்கதான் இருக்கேன்,” என்றார் ஸ்தோயில், அவளுக்குப் பின்னாலிருந்து. செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றுமே நடக்காதது போல் அடுப்பருகே நின்றிருந்ததாகப் பிறகு தோழிகள் சொன்னார்கள்.

“எவ்வளவுக்குக் குடுத்த?”

“ஒண்ணுக்கு ஒண்ணு.”

கதவுக்குப் பின்னால் நோட்டுகளை எண்ணும் சத்தம் கேட்டது. யூரோவைக் கையாலும் தொடமாட்டேன் என்றிருந்த வெலிச்காவுக்கு அந்த விகிதம் ஐந்து தசம இடங்களோடு மனப்பாடம், விரோதியின் கார் நம்பர் மனப்பாடமாக இருப்பது போல. அவள் கணக்குப் போடுகிறாள் என்று எங்களுக்குப் புரிந்தது. கொடுத்த லெவா முழுசாகக் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதற்கு ஈடாக வாங்கிய யூரோவும் புருஷன் பையில் இருக்கிறது.

“ஏய்யா,” என்றாள். குரல் உடைந்தது போலிருந்தது. அழுகிறாளோ என்று நினைத்தோம். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

தாழ்ப்பாள் விலகியது. வெலிச்கா வாசலில் நின்றாள், நீலச் சட்டை, காலில் பழுப்புப் பூட்ஸ், ஒரு கையில் நோட்டுக் கற்றை. தலையைப் பின்னால் திருப்பிப் புருஷனைக் கேட்டாள்.

“ஜாடியில இன்னும் பாதி இருக்கே. அதை யாருக்கு வெச்சிருக்க?”

“அத்தை,” என்றான் சமுயில், “கதவு திறந்தாச்சு. விலை இறங்கிருச்சு.”

ஓர்லின் வாசிக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு எல்லாம் அவசரத்தில் நடந்தது. வெலிச்கா நோட்டுக் கற்றையை அப்படியே மகள் கையில் திணித்தாள். தோழிகள் ஷூவை வெளியே எடுத்தார்கள். ஷூ பெரிதாக இருக்கிறது, காலில் நிற்கவில்லை என்று பெண் சொல்ல வேண்டும், மாப்பிள்ளையின் சகோதரன் காசு போட்டுச் சரிசெய்ய வேண்டும். சமுயில் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தான். ஸ்டோடிங்கா நாணயங்கள் ஷூ நிறைந்து தரையில் உருண்டன.

“இதுக்குள்ள கால் எங்க போகும்?” என்றாள் ரலிட்சா.

“எங்கயாவது போகட்டும். பாதிரியார் கிளம்பிருவார்.”

பாதியைக் கொட்டிவிட்டு அவள் காலை நுழைத்தாள். நடக்கும்போது ஷூ கலகலத்தது.

பெண்ணின் பெற்றோரை நான்தான் என் காரில் கோயிலுக்கு அழைத்துப் போனேன். முன்னால் மாப்பிள்ளை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. சரிவில் திரும்பியபோது கோயில் வாசலில் பாதிரியாரின் கார் என்ஜின் ஓடிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் இன்னும் உள்ளேதான் இருந்தார்.

பின் இருக்கையில் வெலிச்கா புருஷனின் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஆளே இல்லாத பாலம்,” என்றாள்.

“ம்,” என்றார் ஸ்தோயில்.

“கட்டினவன் நல்லாத்தான் கட்டிருக்கான்.”

நோட்டை இரண்டாக மடித்து, குனிந்து, இடது பூட்ஸுக்குள் செருகிக்கொண்டாள்.